பின்னிருக்கைக்கு அடியில் மூன்று ஆண்டுகள்: வாங்கிய பெட்டியும் செய்த பெட்டியும்

புதிதாகப் பிக்கப் வாங்கிய நண்பர் ஒருவர் சென்ற மாதம் தமிழ்ப் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, "அண்ணா, சப்வூஃபர் பெட்டியை வாங்கிவிடலாமா, இல்லை உங்களைப் போல நானே செய்துகொள்ளலாமா?" என்று கேட்டார். சப்வூஃபர் என்பது பாட்டின் தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஒலிபெருக்கி, சுருக்கமாக வூஃபர். வாங்குவது, செய்வது இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் ஒரே வரியில் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அரை மணி நேரம் நான் பேசியதில் பெட்டியைப் பற்றிய பேச்சு பாதிகூட இல்லை என்றும், வண்டியின் பின்சுவரில் இருக்கும் உள்ளங்கை அகல ரப்பர் மடலைத் திட்டியதுதான் மிகுதி என்றும் வீடு திரும்பும் வழியில் என் மனைவி சொன்னார். அந்தப் பேச்சை ஒழுங்குபடுத்தி எழுதும் முயற்சி இது. மடலை விட்டுவிட்டு எழுத முடியும் என்று தோன்றவில்லை.

எங்கள் வண்டி நான்கு கதவுகள் கொண்ட அரை டன் பிக்கப். ஓடுவது ஹூஸ்டன் புறநகரில். பிக்கப்பில் டிக்கி கிடையாது, பின்னால் இருப்பது வானம் பார்த்த தொட்டி. ஆகவே பெட்டியைக் கேபினுக்குள், பின்னிருக்கைக்கு அடியில்தான் வைத்தாக வேண்டும். அங்கே அகலம் தாராளம், உயரம் பஞ்சம். ஆழம் குறைந்த 10 அங்குல வூஃபர் ஒன்றைத் தரையைப் பார்த்தபடி கவிழ்த்து வைப்பதே எனக்குச் சரிப்பட்டது. போர்ட் எனும் காற்றுக்குழாய் வைத்த பெட்டி அதிக முழக்கம் தரும் என்பது உண்மைதான்; ஆனால் அதற்கு இடம் கூடுதலாக வேண்டும், போர்ட்டின் சுருதிக்குக் கீழே போனால் வூஃபரைப் பிடித்து நிறுத்தக் காற்றும் இருக்காது. எனவே முழுதும் மூடிய பெட்டியையே தேர்ந்தெடுத்தேன்.

2022 இறுதியில் இந்த வண்டி மாதிரிக்கென்றே செய்து விற்கப்படும் பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். வந்த அன்றே இருக்கைக்கு அடியில் கச்சிதமாக உட்கார்ந்தது. போல்ட் துளைகளும் பொருந்தின. இதைப் பாராட்டாமல் இருப்பது அநியாயம். கோபம் பிறகுதான் வந்தது. உட்கொள்ளளவு ஒரு கன அடி, அதாவது சுமார் 28 லிட்டர் என்று விளம்பரத்தில் இருந்தது. வூஃபர் கேட்பதும் அதே அளவு. பலகையின் கனம் முக்கால் அங்குலம் என்று போட்டிருந்தார்கள், அளந்தால் 16 மி.மீ. சந்தேகம் வந்துவிட்டதால், பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையை விரித்துச் சோனா மசூரி அரிசியைக் கொட்டினேன். இருபது பவுண்டு மூட்டை ஒன்று பதினொரு லிட்டர் என்று முன்னதாகவே லிட்டர் குவளையால் அளந்து வைத்திருந்தேன். இரண்டு மூட்டை கொட்டியதும் பெட்டி விளிம்பு வரை நிறைந்துவிட்டது. 22 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கைக் காணோம். அரிசிக் கணக்கு ஆய்வகக் கணக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆறு லிட்டர் என்பது அரிசி மணிகளின் இடுக்கில் ஒளிந்துகொள்ளக்கூடிய அளவும் அல்ல. அந்த அரிசியை மரத்தூள் போகச் சலித்துக் கொடுத்த பிறகுதான் அது சமையலறைக்குள் அனுமதிக்கப்பட்டது.

மூடிய பெட்டியில் இடம் குறைந்தால், உள்ளே அடைபட்ட காற்று மேலும் விறைப்பான ஸ்பிரிங்காகிவிடும். 60, 70 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒலி முட்டிக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழே மெலிந்துவிடும். அந்தப் பெட்டி அப்படித்தான் ஒலித்தது. கெட்ட ஒலி என்று சொல்ல மாட்டேன். எல்லாப் பாட்டும் ஒரே பானையைத் தட்டியது போல இருந்தது.

அதற்கு முடிவு கட்டியது புயல். 2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் டெக்சாஸ் கரையைக் கடந்து ஹூஸ்டன் மேல் வந்தபோது வண்டி வாசலில் வெட்டவெளியில் நின்றிருந்தது. பின்கண்ணாடிக்கு மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கின் ரப்பர் விளிம்பு எப்போதோ சுருங்கிப்போயிருக்க வேண்டும். மழைநீர் அதன் வழியே இறங்கி, உட்பக்கத் தகட்டை ஒட்டி வழிந்து, இருக்கைக்கு அடியில் இருந்த கம்பளத்தை நனைத்துவிட்டது. தெருவில் மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் இதை யார் பார்த்தார்கள்? வாடை கிளம்பிய பிறகு இருக்கையைத் தூக்கினேன். மரநாரை அழுத்திச் செய்த 16 மி.மீ. எம்.டி.எஃப். பலகையின் கீழ் விளிம்பு, தேநீரில் விழுந்த ரொட்டி போல 21 மி.மீ. ஆக உப்பி, மூலைப் பிணைப்பு வாய்பிளந்திருந்தது. தண்ணீர் கசிந்தது பெட்டியை விற்றவரின் குற்றம் அன்று. எம்.டி.எஃப். என்றாலே தண்ணீருக்கு ஆகாதுதான். ஆனாலும் ஒரு கை பெயின்ட்கூட அடிக்காத அந்த அடிப்பலகையைப் பார்த்தபோது நியாயம் பேசும் மனநிலை எனக்கு இல்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் நானே செய்தேன். பர்ச் மரத்தின் 18 மி.மீ. பிளைவுட், விளிம்பில் எண்ணினால் பதின்மூன்று அடுக்குகள் தெரியும். பின்சுவர் சாய்வானது, தரையோ மேடுபள்ளமானது. ஆகவே முதலில் அட்டைப்பெட்டியை வெட்டி மாதிரி ஒன்று செய்து, இருக்கையை இறக்கிப் பார்த்து, இடிக்கும் இடங்களில் மறுபடி வெட்டினேன். மூன்றாவது அட்டைதான் சரியாக அமைந்தது. பலகை வாங்கிய கடையிலேயே அறுத்துத் தந்தார்கள். ரம்பம் ஒவ்வோர் அறுப்பிலும் 3 மி.மீ. தின்னும் என்பதை என் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். நான்கு அறுப்பு முடிந்தபோது கடைசித் துண்டு 12 மி.மீ. குறைந்திருந்தது. பெட்டியையே அந்த அளவுக்குக் குறுக்கிக்கொண்டேன். மறுபடியும் அரிசி, மறுபடியும் சலிப்பு: 27 லிட்டர். உள்மூலைகளில் பசையை விரலால் இழுத்துப் பூசி, ஒரு நாள் காயவிட்டு, வெளியே தண்ணீர் புகாத எபாக்ஸிப் பூச்சு இரண்டு கை அடித்தேன். காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, மிகத் தாழ்ந்த சுருதி ஒன்றை மெல்ல ஒலிக்கவிட்டு, ஊதுபத்திப் புகையை இணைப்புகளின் ஓரமாக நகர்த்தினேன். ஒயர் நுழையும் முனையருகே மட்டும் புகை துடித்தது. அங்கே இன்னும் கொஞ்சம் பசை வைத்ததும் நேராக எழுந்தது. வூஃபரை உள்ளங்கையால் அழுத்தினால் காற்றுத் தலையணை ஒன்று எதிர்த்துத் தள்ளுவது தெரியும். 1954இல் அமெரிக்க ஒலிபெருக்கி வல்லுநர் எட்கர் வில்சூர் இந்தக் காற்று ஸ்பிரிங்கை நம்பித்தான் மூடிய சிறு பெட்டியில் ஆழ்ந்த ஒலி எடுத்துக் காட்டினார். அதை என் கையில் உணர்ந்த அந்த நிமிடத்துக்காகவே இந்த வேலையை மறுபடி செய்யலாம்.

ஒலியைப் பற்றிச் சொல்கிறேன். மூடிய பெட்டியின் ஒலி கீழே போகப் போக ஒரு ஸ்தாயிக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 12 டெசிபல் வீதம் இறங்கும்; சிறிய கேபின் ஏறக்குறைய அதே வீதத்தில் அதைத் தூக்கிவிடும். ஒலியின் வேகத்தைக் கேபின் நீளத்தின் இருமடங்கால் வகுத்தால், இந்தத் தூக்கல் தொடங்கும் இடம் உத்தேசமாகக் கிடைக்கும். 2.7 மீட்டர் கேபினுக்கு அது 63 ஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. பிக்கப்காரர்களுக்கு டிக்கி இல்லாத குறையை ஈடுகட்டும் வரம் இதுதான். கோயில் நாகஸ்வரக் கச்சேரி ஒன்றின் பதிவு என்னிடம் உண்டு. பழைய பெட்டியில் தவிலின் இடந்தலையில் கழி விழுவது 'டொக்' என்று மட்டும் கேட்கும். புதிய பெட்டியில் கழி பட்ட ஓசை தனியாகவும், அதன்பின் தோல் விம்மி அடங்குவது தனியாகவும் கேட்டன. வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் பதிவு முழுவதையும் கேட்டு முடித்தேன்.

மறுநாள் வேறொரு பாட்டில் மடல் பேசத் தொடங்கியது. கதவைச் சாத்தும்போது உள்ளே அடைபடும் காற்று வெளியேறுவதற்காகக் கேபினின் பின்சுவரில் துளைகள் வைத்து, அவற்றின் மேல் மெல்லிய ரப்பர் மடல்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஏசி உள்ளே தள்ளும் வெளிக்காற்று போவதும் இந்த வழியில்தான். அலைபேசியில் ஒரு செயலியை வைத்து ஒலியின் சுருதியை 25 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றினேன்; பின்னால் உட்கார்ந்திருந்த மகள் ஒவ்வொரு பிளாஸ்டிக் தகடாகக் கைவைத்துப் பார்த்துக்கொண்டே வந்து, 41இல், "அப்பா, இங்கேதான்! பட்டாம்பூச்சி மாதிரி அடிக்குது!" என்றாள். 41 ஹெர்ட்ஸ் என்பது நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி. வேறு எந்தச் சுருதியில் சடசடத்திருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். வாங்கிய பெட்டி இருந்த வரையில் இந்த மடல் வாய் திறந்ததே இல்லை. அந்தப் பெட்டி அங்கே மெலிந்திருந்ததும், புதிய பெட்டியின் தெளிவில் மயங்கி நான் ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சம் ஏற்றி வைத்ததும்தான் காரணம்.

துளையை அடைத்துவிடக் கூடாது; அடைத்தால் கதவு சாத்தும்போது காது அடைக்கும், ஏசிக் காற்றுக்கும் போக்கிடம் இருக்காது. சுற்றியுள்ள தகட்டுக்கு அதிர்வை அடக்கும் பியூட்டைல் ஷீட் ஒட்டி, மடல் வந்து படியும் விளிம்பில் 3 மி.மீ. ஃபோம் பட்டை ஒட்டினேன். சத்தம் முழுதாக நின்றது. ஆகஸ்டில் மூடிய வண்டிக்குள் எரியும் வெயிலில் பசை இளகிப் பட்டை நழுவியது. மறுபடி ஒட்டினேன், மறுபடி நழுவியது. ஒவ்வொரு முறையும் பின்னிருக்கையைக் கழற்ற வேண்டும்.

நண்பருக்கு நான் கடைசியில் சொன்ன பதில்: வாங்கிவிடுங்கள். செய்த பெட்டி எல்லா வகையிலும் மேல் என்று மேலே எழுதியிருப்பதில் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைலில் டயர் இரைச்சலுக்கு நடுவே இந்த வேறுபாட்டில் பாதி கரைந்துவிடுகிறது. மிச்சப் பாதியைக் கேட்க வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார வேண்டும். மூன்று வார இறுதிகளையும் பலகை, எபாக்ஸி, கருவிகளுக்கான பிட்டுகள் என 140 டாலரையும் கொடுத்து நான் வாங்கியது, அதுவரை காதில் விழாமல் இருந்த ஒரு சடசடப்பை. வாங்கும் பெட்டியின் அடிப்பாகத்துக்கு இரண்டு கை எபாக்ஸி மட்டும் அடித்துக்கொள்ளுங்கள், பிரேக் விளக்கின் ரப்பரையும் ஒரு முறை பாருங்கள் என்றேன். அவர் சற்று ஏமாற்றத்தோடு, "அப்போ உங்க பெட்டியை எனக்குக் கொடுத்துடுங்களேன், அண்ணா" என்றார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சென்ற சனிக்கிழமை நான்காவது முறையாகப் பட்டை ஒட்டியிருக்கிறேன், இம்முறை வெப்பம் தாங்கும் பசையில். 41 ஹெர்ட்ஸில் இப்போது அமைதி. ஆகஸ்ட் இன்னும் வரவில்லை.