மரைனர்ஸ் ரசிகனாக இத்தனை ஆண்டுகள்: நம்பிக்கை தரும் புல்பென், நம்ப விடாத பேட்டிங்

எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது சியாட்டில் மரைனர்ஸ் ஒரே ஒரு ரன் முன்னிலையில் இருந்தாலும் எனக்குப் பயம் வராது. ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கியிருந்தால்தான் வயிற்றைக் கலக்கும். பல வருடங்களாக இந்த அணியைப் பார்த்துப் பார்த்து எனக்குப் படிந்துபோன பழக்கம் இது. பந்து வீசுபவர்கள்மேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. மட்டை பிடிப்பவர்கள்மேல் 2025 வரை இல்லை. இந்த இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள் என்று சிலர் பேசுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அடிக்காத அணிதான் தன் ரிலீஃப் பிட்சர்களின் கையைத் தேய்க்கிறது.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்தாறு இன்னிங்ஸ் வரை வீசுவார். அவர் களைத்ததும் ஒவ்வொருவராக வருபவர்கள் ரிலீஃப் பிட்சர்கள். மைதானத்தின் ஓரத்தில் அவர்கள் கை சூடேற்றிக்கொண்டு காத்திருக்கும் இடம் புல்பென். அந்தக் குழுவையும் அதே பெயரால்தான் சொல்வோம். ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்துவைக்க வருபவர் க்ளோசர். கிரிக்கெட்டில் கடைசி ஓவரில் ஆறு ரன்னைக் காப்பாற்றப் பந்தை வாங்கும் பவுலரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: இவர் அந்த ஓவரை வாரத்தில் மூன்று நான்கு நாள் வீச வேண்டும்.

மரைனர்ஸின் புல்பென் எப்படி உருவானது என்பதுதான் என்னை இந்த அணியோடு கட்டிப்போட்ட விஷயம். பெரும் பணம் கொடுத்து வாங்கிய பெயர்கள் அங்கே அபூர்வம். பால் சீவால்ட் நியூயார்க் மெட்ஸில் 1 வெற்றி, 14 தோல்வி என்ற கணக்கோடு வெளியேறியவர். 2021-இல் மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழ்நிலை லீக்) ஒப்பந்தத்தில் இங்கே வந்தார். வேகப்பந்தை ஸ்ட்ரைக் எல்லையின் மேல்பகுதியில் வீசச் சொன்னார்கள், பக்கவாட்டில் வளையும் பந்தான ஸ்லைடரைத் திருத்திக் கொடுத்தார்கள். அவர் எங்கள் க்ளோசர் ஆனார். கேப் ஸ்பியரை கான்சஸ் சிட்டி கைவிட்டபோது எடுத்துக்கொண்டார்கள். எடுவார்ட் பசார்டோ 2023-இல் பால்டிமோரிலிருந்து சத்தமில்லாமல் வந்தார். அன்றைக்கு அதை யாரும் செய்தியாகக்கூட மதிக்கவில்லை. ஆந்த்ரேஸ் முன்யோஸ் 2020-இல் சான் டியேகோவிலிருந்து வந்தபோது முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். அவர் இங்கே ஒழுங்காக ஒரு சீசன்கூட ஆடாத நிலையிலேயே, 2021 இறுதியில், நான்கு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். மணிக்கு 100 மைலுக்கு மேல் வேகப்பந்து. அதை எதிர்பார்த்து மட்டையைச் சுழற்றுபவரை ஏமாற்றி வளைந்து விழும் ஸ்லைடர். 2025-இல் 38 ஆட்டங்களை அவர் முடித்துவைத்தார்.

மேட் பிராஷைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2022-இல் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக வந்தார், கட்டுப்பாடு கைகூடவில்லை, புல்பென்னுக்கு மாற்றினார்கள். அவருடைய ஸ்லைடர் பக்கவாட்டில் போகும் தூரத்தை டிவியில் பார்ப்பதே ஒரு சுகம். 2023-இல் அவர் 78 ஆட்டங்களில் வீசினார். அந்த வருடம் மேஜர் லீக்கில் அவரைவிட அதிக ஆட்டங்களில் வீசியவர் யாரும் இல்லை. அடுத்த வருடம் முழங்கையில் அறுவை சிகிச்சை. இது அதனால்தான் என்று அடித்துச் சொல்ல நான் மருத்துவன் இல்லை. ஆனால் ஒரு ரசிகனாக அந்த 78 என் மனதை விட்டுப் போகவே இல்லை. அந்த ஆட்டங்களில் எத்தனையில் நாம் இன்னும் மூன்று ரன் எடுத்திருந்தால் பிராஷ் எழுந்து கை சூடேற்றவே தேவைப்பட்டிருக்காது!

இங்கேதான் பேட்டிங் வருகிறது.

2021 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 90 வெற்றி, 72 தோல்வி. ஆனால் மொத்தக் கணக்கில் எடுத்த ரன்னைவிடக் கொடுத்த ரன் 51 அதிகம். அப்படி ஒரு அணி 90 ஆட்டம் எப்படி ஜெயிக்கும்? ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 33-19 என்று ஜெயித்ததால்தான். முழுக்க முழுக்க புல்பென்னின் உழைப்பு அது. அந்த வருடம் ஜூலையில் ஹூஸ்டனுக்கு எதிராக 7-0 என்று பின்தங்கி, டிலன் மூரின் கிராண்ட் ஸ்லாமோடு (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிக்கும், நான்கு ரன் தரும் ஹோம் ரன்) 11-8 என்று ஜெயித்த மறுநாள், சிறந்த ரிலீஃப் பிட்சரான கெண்டல் கிரேவ்மனை அதே ஹூஸ்டனுக்கே கொடுத்துவிட்டது நிர்வாகம். ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். கிரேவ்மனுக்குப் பதில் வந்தவர் ஏப்ரகாம் டோரோ என்ற பேட்டர். 2023 ஜூலையிலும் இதே கதைதான்: சீவால்டை அரிசோனாவுக்குக் கொடுத்து, மூன்று பேட்டர்களை வாங்கினார்கள். சீவால்ட் அந்த அக்டோபரில், சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான உலகத் தொடரில் வீசினார். நாங்கள் 88 வெற்றியோடு, ஒரே ஓர் ஆட்டக் குறைவில், பிளேஆஃபை (சீசன் முடிந்ததும் நடக்கும் வெளியேற்றச் சுற்றுகளை) வீட்டிலிருந்து பார்த்தோம். பேட்டிங் ஓட்டையை அடைக்க ஒவ்வொரு முறையும் புல்பென்னிலிருந்து ஓர் ஆளை விற்பது என்ற அந்த வழியை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

2024 இன்னும் கொடுமை. கர்பி, கில்பர்ட், காஸ்டிலோ, மில்லர், வூ என்று ஐந்து தொடக்கப் பிட்சர்கள். லீக்கில் அதற்கு நிகரான வரிசை இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஜூன் நடுவில் எங்கள் பிரிவான டிவிஷனில் 10 ஆட்ட முன்னிலை. ஜூலை முடிவதற்குள் அது கரைந்துவிட்டது. அந்த சீசனில் மேஜர் லீக்கிலேயே அதிகமாக ஸ்ட்ரைக் அவுட் ஆன, அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறிய, அணி மரைனர்ஸ்தான். 2-1, 3-2 என்று தோற்ற ஆட்டங்களைப் பார்த்துவிட்டுத் தூங்கப்போன இரவுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஆகஸ்டில் மேலாளர் ஸ்காட் சர்வைஸை நீக்கி, பழைய கேட்சர் (கிரிக்கெட் விக்கெட் கீப்பர்போல் பேட்டருக்குப் பின்னால் இருப்பவர்) டான் வில்சனைக் கொண்டுவந்தார்கள். பேட்டிங் பயிற்சிக்கு எட்கர் மார்ட்டினெஸ் வந்தார். கடைசியில் 85 வெற்றி, மறுபடியும் ஒரே ஆட்டக் குறைவு.

மைதானத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பேட்டர்களுக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். டி-மொபைல் பார்க் கடல்மட்டத்தில், புஜெட் சவுண்ட் கடற்கழிக்கு அருகில் இருக்கிறது. ஏப்ரல், மே இரவுகளில் காற்று குளிர்ந்து கனமாக இருக்கும். வேறு ஊரில் வேலியைத் தாண்டும் பந்து இங்கே ஃபீல்டரின் கையுறைக்குள் இறங்கும். 2013-இல் வேலியை உள்ளே நகர்த்தியும் பெரிதாக மாறவில்லை. இன்றும் பேட்டர்களுக்கு மிகக் கடினமான மைதானம் என்ற பெயர் இதற்கு உண்டு. பெரிய பேட்டர்கள் இங்கே வரத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இந்த மைதானத்தில் ஹோம் ரன்னை மட்டும் நம்பி மட்டையைச் சுழற்றுவது சரியில்லை என்பதற்கும் இதே காற்றுதான் காரணம். மூன்றாவது பேஸில் ஆள் நிற்கும்போது பந்தை எப்படியாவது மட்டையில் படவைப்பவர்கள்தான் இங்கே வேண்டும். எங்கள் பழைய பேட்டர் இச்சிரோ 2004-இல் 262 ஹிட் அடித்தது இதே மைதானத்தைச் சொந்த ஊராகக் கொண்டுதான்.

2022 அக்டோபர் 15 நடந்ததைப் பாருங்கள். 21 வருடங்களுக்குப் பிறகு சியாட்டிலில் ஒரு பிளேஆஃப் ஆட்டம். கர்பி ஏழு இன்னிங்ஸ் ரன் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ரிலீஃப் பிட்சர்கள் ஒருவர்பின் ஒருவராக ஹூஸ்டனை 17-வது இன்னிங்ஸ் முடியும்வரை பூஜ்யத்தில் நிறுத்தினார்கள். இரண்டு ஆட்டத்துக்குச் சமமான நேரம்! நம் பேட்டர்கள் 22 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார்கள். 18-வது இன்னிங்ஸில் ஜெரெமி பேன்யா ஒரு ஹோம் ரன் அடித்தார். 0-1. சீசன் முடிந்தது. அந்தப் பந்தை வீசிய பென் மர்ஃபியைத் திட்டியவர்களை என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை. அதே தொடரின் முதல் ஆட்டத்தில் யோர்டான் அல்வரெஸுக்கு எதிராக, வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்கும் ராபி ரேயைக் கொண்டுவந்தது வேறு விஷயம். அது மேலாளரின் தவறான முடிவு என்றுதான் நானும் சொல்வேன். இரண்டு பேரும் இடது கை என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு 2025. கால் ராலி 60 ஹோம் ரன். கேட்சராக இருந்துகொண்டு ஒருவர் இதைச் செய்தார் என்பதை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. கேட்சர்களின் பழைய சாதனை 48. இரு கையாலும் ஆடுபவர்களில் மிக்கி மேண்டிலின் 54, மரைனர்ஸில் கென் கிரிஃபியின் 56, எல்லாம் ஒரே வருடத்தில் போயின. 60-வது அடித்த அதே இரவில், 2001-க்குப் பிறகு முதல் முறையாக டிவிஷனை வென்றோம். ஆனால் என்னைக் கேட்டால், அணியை மாற்றியது ஜூலை இறுதியில் அரிசோனாவிலிருந்து வந்த ஜோஷ் நெய்லர். பந்தை விடாமல் தொடும் பேட்டர் அவர். ஸ்ட்ரைக் அவுட் ஆவது குறைவு. கால் வேகத்தில் லீக்கின் கடைசி வரிசையில் இருக்கும் ஆள், சியாட்டிலுக்கு வந்தபின் 19 பேஸ் திருடினார் (பிட்சர் வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடுவது), ஒருமுறைகூடப் பிடிபடவில்லை. பிட்சரின் அசைவை அவ்வளவு கவனமாகப் படிக்கிறார். அவர் வந்தபின் ஏழாவது இன்னிங்ஸில் மூன்று நான்கு ரன் முன்னிலை என்பது அபூர்வமாக இல்லாமல் போனது. முன்யோஸுக்கு ஓய்வு கிடைத்தது. நான் இத்தனை வருடமாகச் சொல்லிவந்தது கண்ணெதிரே நடந்தது.

அந்த வருட பிளேஆஃபில் டெட்ராய்ட்டுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தை எவ்வளவு பேசினாலும் தீராது. அவர்களின் பிட்சர் டாரிக் ஸ்கூபல் 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்துவிட்டுப் போனார். ஏழாவதில் லியோ ரிவாஸ் அடித்த ஒரு சிங்கிளில் (முதல் பேஸ் வரை மட்டும் ஓடவைக்கும் அடி) ஆட்டம் சமமானது. அதன் பிறகு 15-வது இன்னிங்ஸ் வரை புல்பென்னோடு கில்பர்ட், காஸ்டிலோ போன்ற தொடக்கப் பிட்சர்களும் வந்து வீசினார்கள். பசார்டோவும் கூடுதல் இன்னிங்ஸில் தாங்கிப் பிடித்தார். ஹோர்ஹே போலன்கோவின் சிங்கிளில் 3-2. மட்டையில் பட்டு உருண்டு போன ஒரு சாதாரண சிங்கிள்! ஹோம் ரன் இல்லை.

உலகத் தொடருக்கு முந்தைய சுற்றில் டொரன்டோவுடன் ஏழாவது ஆட்டம். எங்கள் ஹூலியோ ரொட்ரிகெஸ் ஒரு ஹோம் ரன், ஐந்தாவதில் ராலி ஒன்று, 3-1 முன்னிலை. ஏழாவதில் வூ இரண்டு பேரை பேஸில் விட்டபோது பசார்டோவை அழைத்தார்கள். ஜார்ஜ் ஸ்பிரிங்கர் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 3-4. முன்யோஸ் எட்டாவதில்தான் வந்தார். அன்றிரவிலிருந்து எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஏன் முன்யோஸை ஏழாவதிலேயே கொண்டுவரவில்லை? நானும் கொண்டுவந்திருப்பேன். சீசனின் மிக முக்கியமான பேட்டர் எதிரே நிற்கும்போது சிறந்த பிட்சரைத் தேடுவதுதான் முறை. எத்தனையாவது இன்னிங்ஸ் என்று பார்க்கக் கூடாது. ஆனால் பசார்டோ அந்த சீசனில் 70-க்கு மேற்பட்ட ஆட்டங்களில் வந்து வேலை செய்தவர். அவர் இல்லாமல் அந்த ஏழாவது ஆட்டமே இல்லை. ராலியின் ஹோம் ரன்னுக்குப் பிறகு நான்கு இன்னிங்ஸ் நாம் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. ஒன்பதாவதில் ஜெஃப் ஹாஃப்மனிடம் மூவரும் ஸ்ட்ரைக் அவுட். கடைசி ஆள் ஹூலியோ, அடுத்து வரக் காத்துநின்றவர் ராலி. உலகத் தொடரை இதுவரை தொடாத ஒரே மேஜர் லீக் அணி என்ற பெயர் அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தோல்வியைப் பசார்டோவின் ஒரு பந்தில் கொண்டுபோய் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நேரில் பார்க்க விரும்புபவர்களுக்கு: சென்டர் ஃபீல்டுக்குப் பின்னால் ‘தி பென்’ என்று ஒரு நின்று பார்க்கும் பகுதி இருக்கிறது. அங்கிருந்து புல்பென்னை மிக அருகில் எட்டிப் பார்க்கலாம். ஆறாவது இன்னிங்ஸ் வாக்கில் போய் நில்லுங்கள். யார் எழுந்து கையை உதறுகிறார்கள், யார் உட்கார்ந்தபடி இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே மேலாளரின் கணக்கு புரியும். கேட்சரின் கையுறையில் பந்து அறையும் சத்தத்தை டிவி ஒருபோதும் தராது. ஏப்ரலில் போவதாக இருந்தால் கனமான ஜாக்கெட் அவசியம். கூரையை மூடினாலும் பக்கங்கள் திறந்தேதான் இருக்கும்.

2025 முடிந்ததும் செய்த முதல் காரியம் நெய்லருக்கு ஐந்து வருட ஒப்பந்தம். முழு மனதோடு வரவேற்கிறேன். போலன்கோ மெட்ஸுக்குப் போனது இழப்புதான். இளம் கேட்சர் ஹாரி ஃபோர்டைக் கொடுத்து வாஷிங்டனிலிருந்து இடது கை ரிலீஃப் பிட்சர் ஹோசே ஃபெரரை வாங்கினார்கள். ராலி இருக்கும் அணியில் ஃபோர்டுக்கு இடமில்லை, ஸ்பியர் பெரும்பாலும் தனியாகச் சுமந்த இடது கைப் பாரத்தைப் பகிர ஆள் வேண்டும். அதனால் இந்தக் கொடுக்கல் வாங்கல் எனக்குச் சரியாகப் படுகிறது. புல்பென்னை விற்றுப் பேட்டர் வாங்கிய நிர்வாகம், இந்த முறை புல்பென்னுக்கு ஆள் வாங்கியிருக்கிறது. ஜூலை இறுதி வந்ததும் பழைய வழிக்குத் திரும்பாமல், முன்யோஸையும் பிராஷையும் அக்டோபர் வரை கையில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் நான் இந்த நிர்வாகத்திடம் கேட்பது.