சாதாரணத் தபாலா, பதிவுத் தபாலா?

2022 ஆகஸ்டில் கடித முத்திரையின் குறைந்தபட்ச விலை 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயானது. கொழும்பில் பலர் கடித உறையையே மறந்தது அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன்.

கல்யாண அழைப்பிதழுக்குச் சாதாரணத் தபால் போதும். ஆனாலும் 200 பேருக்கு அனுப்பினால் முத்திரைக்கு மட்டும் 10,000 ரூபாய். பழைய விலையில் 3,000. எடை கூடினால் செலவும் கூடும். வெள்ளவத்தைக்குள் என்றால் நேரில் போய்க் கொடுப்பதே மலிவு, மரியாதையும்கூட! தொலைந்தால்? கேட்க உங்களிடம் இலக்கமும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை.

பதிவுத் தபாலுக்கு முத்திரைக் கட்டணத்துக்கு மேல் தனிக் கட்டணம் உண்டு. தபாற்கந்தோரில் வரிசையில் நிற்கவும் வேண்டும். பதிலுக்கு இலக்கமிட்ட பற்றுச்சீட்டு கிடைக்கும், பெறுபவர் கையொப்பமிட்டே வாங்குவார். அரச வேலை விண்ணப்பம், வழக்கறிஞர் கடிதம், வாடகை வீட்டை விடும் அறிவித்தல் ஆகியவற்றுக்கு வேறு யோசனையே வேண்டாம். வர்த்தமானி விளம்பரங்களே பெரும்பாலும் பதிவுத் தபாலைத்தான் கேட்கும். உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொல்லியிருந்தால் அதையும் விடாதீர்கள்.

15 ரூபாய்க் காலத்தில் தொலைந்த கடிதத்துக்குப் பதில் இன்னொன்று போடலாம் என்ற துணிவு இருந்தது. 50 ரூபாயில் அந்தத் துணிவு எனக்கில்லை. ஆவணம் என்றால் பதிவுத் தபால்தான்.