குறட்டைக்கு என்று நைட் கார்டைத் தலையில் கட்டுகிறார்கள்: ஊட்டி, குன்னூர்க்காரர்கள் கவனிக்க

குன்னூர் பக்கம் ஒரு வேன் டிரைவருக்கு நடந்தது இது. ராத்திரி பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று எழுவது, பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் சொக்குவது. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பல் கிளினிக்கில் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்ஸிஜன் நல்லாத்தான் இருக்குண்ணா, குறட்டைக்கு ஒரு கிளிப் போட்டுரலாம்" என்று மேல்வரிசைக்கு மட்டும் அளவெடுத்தார்கள். வந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் தட்டு. பில் பல ஆயிரம். குறட்டை துளியும் குறையவில்லை.

அது நைட் கார்டு (night guard). தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குப் பல் தேயாமல் இருக்க மாட்டுவது. மூச்சடைப்புக்கு வேண்டியது வேறு. படுத்ததும் கீழ்த்தாடையும் நாக்கும் பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கின்றன. தாடையை முன்னே இழுத்து நிறுத்தினால் நாக்கும் கூடவே வரும், வழி திறக்கும். மேல்தட்டு மட்டும் இதைச் செய்யாது. வாய் சற்றுத் திறந்தே இருப்பதால் தாடை இன்னும் பின்னே போய், சிலருக்கு மூச்சடைப்பு கூடவும் செய்யும்.

ஏமாற்றை அளவெடுக்கும் நாளிலேயே கண்டுபிடிக்கலாம். மேல், கீழ் இரண்டு வரிசைக்கும் அளவெடுக்க வேண்டும். பிறகு தாடையை முழுதாகப் பின்னுக்கு இழுக்கச் சொல்லி, முழுதாக முன்னுக்குத் தள்ளச் சொல்லி, அந்த இடைவெளியை மில்லிமீட்டரில் அளப்பார்கள். அதில் பாதியிலிருந்து முக்கால் பங்குக்குள் தாடையை நிறுத்தி மெழுகிலோ சிலிக்கானிலோ கடிக்க வைப்பார்கள். இந்தக் கடிப்பதிவு எடுக்காமல் அனுப்பிவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வரும் கருவி இரண்டு துண்டாக, பக்கவாட்டில் திருகோ பட்டையோ வைத்து, முன்னே நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடிக்கும் ரகத்தையே 'கஸ்டம்' என்று கூடுதல் விலைக்கு விற்பதும் நடக்கிறது. சரியாகப் படியவில்லை என்று கேட்டால், "ஊட்டியில தண்ணி 100 டிகிரி கொதிக்காதுங்க" என்று சமாளிப்பார்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். படியாததற்குக் காரணம், அது உங்கள் பல்லுக்குச் செய்ததே இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்லீப் ஸ்டடி, அதாவது ராத்திரி தூங்கும்போது மூச்சை அளக்கும் சோதனை. பகலில் விழித்திருக்கும்போது விரலில் பார்க்கும் ஆக்ஸிஜன் அளவு 96, 97 எதையும் சொல்லாது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதுதான் கணக்கு: 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. லேசானதற்கும் நடுத்தரத்துக்கும் பல் கருவி பொருந்தும்; கடுமையானால் முதலில், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷின்தான். மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளையே வராத வகை ஒன்று உண்டு, அதற்குத் தாடையை இழுத்துப் பயனில்லை. எந்த வகை என்பதைத் தூக்க மருத்துவர் சொல்ல வேண்டும். கோவைக்கு இறங்க முடியாதவர்கள் வீட்டிலேயே கட்டிப் படுக்கும் சோதனைக் கருவியைக் கேளுங்கள். பேஸ்மேக்கர், நுரையீரல், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அது போதாது.

ஆடும் பல், ஈறு நோய், வாய் திறக்கும்போது தாடை மூட்டில் வலி இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். கருவி பிடித்து நிற்க ஒவ்வொரு தாடையிலும் எட்டுப் பத்து உறுதியான பற்களாவது வேண்டும். பல்செட் போட்டவர்களிடம் இதை விற்பது சுத்த அநியாயம்.

கொடுத்த அன்றே வேலை முடிந்தது என்றால் அதுவும் மோசடிக்குச் சமம். அரை, ஒரு மில்லிமீட்டராக முன்னே நகர்த்திக்கொண்டே போய், குறட்டை அடங்கியபின் கருவியோடு மறுபடி ஸ்டடி எடுக்க வேண்டும். சத்தம் நின்றும் மூச்சடைப்பு தொடரலாம். காலையில் எச்சில் ஊறுவதும் தாடை வலிப்பதும் முதல் சில வாரம் சகஜம். கழற்றி ஒரு மணி நேரம் ஆகியும் கடைவாய்ப் பற்கள் பழையபடி சேரவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். மாதக்கணக்கில் விட்டால் கடிமானமே மாறிவிடும்.

பில்லில் 'கிளிப்' என்று எழுத விடாதீர்கள். கருவியின் வகை, இரண்டு தாடைக்குமா என்பது, திருத்தும் வருகைகள் எத்தனை என எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பில், வாட்ஸ்அப் உரையாடல், கூடவே அந்தத் தட்டு. கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள், சாட்சி அதுதான்.