ஐ.ஆர்.சி.டி.சி. – எஸ்.பி.ஐ. பிளாட்டினம் கார்டு யாருக்கு லாபம்?

ஆண்டில் சில முறையாவது ஏ.சி. வகுப்பில் டிக்கெட் எடுத்து, மாத பில்லை முழுவதுமாகக் கட்டிவிடுகிறவருக்கு ஐ.ஆர்.சி.டி.சி. – எஸ்.பி.ஐ. பிளாட்டினம் கிரெடிட் கார்டு நல்ல கார்டு. ஸ்லீப்பரிலேயே போய்வருகிறவருக்கு இதனால் சொல்லிக்கொள்ளும்படியான பயன் இல்லை.

ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் எடுக்கும் ஏ.சி. டிக்கெட்டுகளுக்குக் கட்டணத்தில் 10 சதவீதம் வரை புள்ளிகளாகத் திரும்பக் கிடைக்கும். மற்ற செலவுகளுக்கு, பெட்ரோல் நீங்கலாக, 125 ரூபாய்க்கு ஒரு புள்ளிதான். ஒரு புள்ளியின் மதிப்பு ஒரு ரூபாய். நான்கு பேர் கொண்ட குடும்பம் மூன்றடுக்கு ஏ.சி.யில் 8,000 ரூபாய்க்கு டிக்கெட் எடுத்தால் 800 புள்ளிகள் வரை சேரும்; அதே குடும்பம் ஸ்லீப்பரில் 3,200 ரூபாய்க்கு எடுத்தால் சேர்வது வெறும் 25. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது 10 சதவீதம்தான் என்பதால், விண்ணப்பிக்கும் முன் இந்த வித்தியாசத்தை ஒவ்வொருவரும் பார்த்தே ஆக வேண்டும்.

முதல் ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய்; 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 590. இரண்டாம் ஆண்டிலிருந்து 300 ரூபாய்; வரியோடு 354. ஆகவே முதல் ஆண்டில் 5,900 ரூபாய்க்காவது, பிறகு ஆண்டுக்கு 3,540 ரூபாய்க்காவது ஏ.சி. டிக்கெட் எடுத்தால்தான் கட்டிய பணம் திரும்பும். புள்ளிகளை மீண்டும் ரயில் டிக்கெட்டுக்கே செலவிடலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். பரிசுப் பொருள் பட்டியலைப் புரட்டி, வேண்டாத பொருளை வாங்கும் நிலை வராது.

ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் கார்டுக்கு விதிக்கப்படும் 1 சதவீதப் பரிவர்த்தனைக் கட்டணம் இதற்குத் தள்ளுபடி. ஆனால் யு.பி.ஐ.யில் செலுத்தினால் தளத்தின் சேவைக் கட்டணமே குறைவு: ஏ.சி. வகுப்புக்கு 30 ரூபாய்க்குப் பதில் 20, மற்ற வகுப்புகளுக்கு 15க்குப் பதில் 10, வரி தனி. ஸ்லீப்பர் பயணிக்குச் சிறிய தொகை டிக்கெட்டுகளில் கார்டைவிட யு.பி.ஐ.யே மலிவு.

ரயில் நிலைய ஓய்வறை (லவுஞ்ச்) வசதி ஆண்டுக்கு நான்கு முறை, காலாண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உண்டு. சில பெரிய நிலையங்களில் மட்டுமே அந்த ஓய்வறைகள் இருப்பதால், அதை நம்பி கார்டு வாங்குவதில் அர்த்தமில்லை.

பில்லில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது. வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டுவதோடு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. மேலே சொன்ன நான்கு பேரின் 8,000 ரூபாய்ப் பயணம் தந்த புள்ளிகளை, அந்தத் தொகையைப் பாக்கி வைத்தால், மூன்று மாத வட்டி விழுங்கிவிடும்.

விமானப் பயணமே அதிகம் என்றால், ஆக்சிஸ் அட்லஸ் போன்ற கார்டுகளைப் பார்க்கலாம். அதன் ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய். ஆனால் அந்தக் கார்டு புள்ளிகளாகத் தரும் மைல்களை விமான நிறுவனங்கள் போன்ற கூட்டாளி நிறுவனங்களுக்கு மாற்ற ஆக்சிஸ் வங்கி 2023 இறுதியில் ஆண்டு வரம்புகளை மாற்றியமைத்தது. மைல்களின் பயன் வங்கியின் முடிவைப் பொறுத்தது என்பதால், அவற்றை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைக்காமல் அவ்வப்போது செலவழிப்பதே நல்லது.