கோணல் கொம்பு மான்: காயமா, ஹார்மோன் குறைவா?

அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பலர், கோணல் கொம்போடு ஓர் ஆண் மானைப் பார்த்ததும் "பரம்பரை சரியில்லை, சுட்டுவிடலாம்" என்பார்கள். பெரும்பாலும் அது தப்பு. காயம் அல்லது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு, முதலில் இந்த இரண்டையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

காயம் என்றால் பொதுவாக ஒரு கொம்புதான் கெடும். கோடையில் 'வெல்வெட்' என்கிற மெத்தென்ற தோல் போர்த்தி வளரும்போது அடிபட்டால் அந்த வருடத்தோடு சரி, குளிர்காலம் முடிவதற்குள் உதிர்ந்து, அடுத்தது பெரும்பாலும் ஒழுங்காகவே முளைக்கும். ஆனால் மண்டையோட்டில் கொம்பு முளைக்கிற அடிக்கட்டையே உடைந்திருந்தால் வருடா வருடம் கோணல்தான், அந்த இடத்தில் சீழ் பிடித்து மூளை வரை போய் மான் செத்துப்போவதும் உண்டு. இதில் என்னை அசத்துவது பின்னங்கால் காயம்: இடது கால் முறிந்தால் பல நேரம் வலது கொம்புதான் குட்டையாகிறது!

ஹார்மோன் குறைந்த மான் வேறு கதை. விரை கீழிறங்காமலோ அடிபட்டோ டெஸ்டோஸ்டிரோன் போதாமல் போனால் கொம்பு முழுசாக இறுகாது, வெல்வெட் உரியாது, உதிரவும் உதிராது, இரண்டு பக்கமும் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டே போகும். அங்கே இதை 'காக்டஸ் பக்', அதாவது கள்ளிச்செடி மான், என்பார்கள்.

நவம்பரிலும் வெல்வெட் அப்படியே இருந்தால் ஹார்மோனைச் சந்தேகப்படுங்கள். கொம்பு நன்றாக இறுகி, ஒரு பக்கம் மட்டும் கோணியிருந்தால் பெரும்பாலும் காயம். அந்த மானை நான் விட்டுவிடச் சொல்வேன், அடுத்த வருடமே நல்ல கொம்போடு வரலாம்.