கம்பியை உரித்த இடத்தில் நடந்த ஏமாற்று: வீட்டு மின்வேலை கொடுப்போர் கவனத்திற்கு

எங்கள் வீட்டின் மின்கம்பிகளை மாற்றித் தந்த ஒப்பந்தக்காரர், கம்பியின் தரத்திலோ சுவிட்சுகளிலோ குறை வைக்காமல், யாரும் திறந்து பார்க்காத இடத்தில், அதாவது காப்புறையை உரித்த முனைகளில், எங்களை ஏமாற்றியிருக்கிறார். வெந்நீர்க் கருவியின் சாக்கெட் சூடேறிப் பழுப்பேறியதால் வேறோர் எலக்ட்ரீஷியன் வந்து பெட்டியைத் திறந்தபோதுதான் இது தெரியவந்தது.

2.5 சதுர மி.மீ. பல இழைக் கம்பியில் 0.3 மி.மீ. விட்டமுள்ள செம்பு இழைகள் வழக்கமாக 36 இருக்கும். திருகுக்கு அடியில் இருந்தவையோ அவற்றில் பாதிதான். மற்றவை உறையின் விளிம்போடு அறுபட்டிருந்தன. பிளேடைச் செங்குத்தாக அழுத்திச் சுற்றி வெட்டியதன் விளைவு இது. விளக்குகளுக்குச் சென்ற ஒற்றை இழைக் கம்பிகளில் செம்பைச் சுற்றி வளையமாகக் கீறல் விழுந்திருந்தது. வளைக்கும்போது விசை முழுவதும் கீறலிலேயே குவிவதால், ஒரு கம்பி தொட்டுத் திருப்பியதுமே முறிந்தது. சில முனைகளைத் தீயில் கருக்கி உரித்திருந்தார். காப்புறையான பி.வி.சி. எரியும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் குளோரைடு செம்பை அரிக்கும் என்பது இத்தொழிலில் இருப்பவருக்குத் தெரியாததல்ல.

ஒப்பந்தக்காரரிடம் விளக்கம் கேட்டபோது, ‘ஓவர்லோடு’, அதாவது அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்ததுதான் காரணம் என்றார். அப்படியானால், மின்னோட்டம் அளவு மீறினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்திருக்க வேண்டும். அது கவனிப்பது மின்னோட்டத்தின் அளவை மட்டுமே. தொடுபரப்பு குறைந்து தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடி அந்த ஓரிடம் மட்டும் கொதிக்கும்போது மின்னோட்டம் கூடுவதில்லை என்பதால், எம்.சி.பி. பேசாமல் இருந்துவிடும்.

முறையாகச் செய்பவர் கம்பியின் அளவுக்குரிய துளையுள்ள ஸ்ட்ரிப்பரையே (உறை உரிக்கும் கருவி) பயன்படுத்துவார்; ஓர் அளவு சிறிய துளையில் வைத்தாலும் இழைகள் அறுபடும். கத்திதான் கையில் இருக்கிறதென்றால், பென்சில் சீவுவதுபோல் அதைச் சாய்த்துப் பிடித்து உறையை மட்டும் சீவி எடுக்க வேண்டும். கேபிளின் வெளியுறையை முழு ஆழத்துக்கு வெட்டாமல், மேலோட்டமாகக் கீறி, அவ்விடத்தில் வளைத்துப் பிளக்கச் செய்தால் உள்ளிருக்கும் கம்பிகளுக்குச் சேதம் வராது. இதற்கெல்லாம் கூடுதலாகச் சில நிமிடங்களே ஆகும். அந்த நிமிடங்களைத்தான் அவர் மிச்சம் பிடித்தார்.

ஆகவே, முழுத்தொகையையும் கொடுப்பதற்கு முன், மெயினை அணைத்து, மின்சாரம் இல்லையென்று டெஸ்டரால் உறுதி செய்த பிறகு, அதிக மின்சாரம் இழுக்கும் சாக்கெட்டுகளில் ஒன்றிரண்டைக் கழற்றி முனைகளைக் காட்டச் சொல்லுங்கள். அறுந்த இழைகளும், கீறலும், கருகலும் இருக்கக் கூடாது. மீண்டும் உரிப்பதற்குப் போதுமான நீளம் பெட்டிக்குள் மடித்து விடப்பட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கம்பிகள் மிகக் குட்டையாக நறுக்கப்பட்டிருந்ததால், கெட்ட முனையை வெட்டிவிட்டுப் புதிதாக உரிக்க வழியின்றி, பல இடங்களில் புதுக் கம்பியே இழுக்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவை ஏற்க ஒப்பந்தக்காரர் மறுத்துவிட்டார்.