ஓவிலே: டோம் பெரின்யோன் இருந்த ஊருக்குப் போய் வந்தேன்

பிரான்சின் ஷாம்பெயின் பகுதிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எபர்னேயில் பெரிய ஒயின் கம்பெனிகளின் பாதாளக் கிடங்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே மேட்டின் மேல், டோம் பெரின்யோன் என்ற துறவி வாழ்ந்த மடம் இருக்கிற ஓவிலேக்குக் கட்டாயம் அரை நாள் ஒதுக்குங்கள். ஆனால் நான் முதல் நாள் போன மாதிரி சுற்றுலா வண்டியில் மட்டும் போகாதீர்கள்.

வண்டி கிளம்பியதிலிருந்தே வழிகாட்டி ஒரே கதையைத்தான் சொன்னார்: கண் தெரியாத அந்தத் துறவி தற்செயலாக ஷாம்பெயின் என்ற நுரைக்கும் ஒயினைக் கண்டுபிடித்தாராம், நட்சத்திரங்களைக் குடிக்கிறேன் என்று கூவினாராம். மடத்துத் தேவாலயத்துக்குப் பத்தே நிமிடம், மீதி நேரம் முழுக்க ஒயின் விற்கும் இடத்தில். எனக்கு மனசு ஆறவில்லை, மறுநாள் தனியாகப் போனேன்.

தேவாலயப் பீடத்துக்கு முன்னால் தரையில் பெரின்யோனின் கல்லறைக் கல், கறுப்பாக, பதித்திருக்கிறது. அதிலிருக்கிற லத்தீனை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். 47 ஆண்டுகள் இந்த மடத்தின் பண்டகக் காப்பாளராக இருந்தவர், சொத்தைச் சிறப்பாக நிர்வகித்தவர், ஏழைகள் மேல் தகப்பனைப் போல அன்பு வைத்தவர், 1715-இல் 77-ஆம் வயதில் இறந்தார். அவ்வளவுதான். நுரை பற்றி ஒரு சொல் கிடையாது, ஒயின் பற்றியே கிடையாது! கூட வாழ்ந்த துறவிகள் அவரிடம் எதை மதித்தார்கள் என்பது அந்தக் கல்லில்தான் இருக்கிறது, அதற்குப் பத்து நிமிடம் எப்படிப் போதும்?

உண்மையில் அவருக்கு நுரை ஒரு தொல்லை. இந்தப் பக்கத்துக் குளிரில் ஒயின் பாதியில் நொதிப்பதை நிறுத்திவிடும், வசந்தத்தில் சூடு ஏறியதும் புட்டிக்குள்ளேயே மறுபடி ஆரம்பித்து, அழுத்தம் தாங்காமல் புட்டி வெடிக்கும். 1668-இல் இங்கே வந்த பெரின்யோன் பாடுபட்டது நல்ல அமைதியான ஒயினுக்காக. கறுப்புத் திராட்சையைத் தோல் நிறம் இறங்காமல் பக்குவமாகப் பிழிவது, வெவ்வேறு தோட்டத்துப் பழங்களைக் கலந்து சுவையைச் சமன்படுத்துவது, இதிலெல்லாம்தான் அவர் கைதேர்ந்தவர். சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்க வைப்பது பற்றி இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் மெரட் என்ற அறிஞர் எழுதியது 1662-இல், அதாவது இவர் ஓவிலேக்கு வருவதற்கும் முன்னால். பெரின்யோன்தான் ஷாம்பெயினைக் கண்டுபிடித்தார் என்ற பேச்சைப் பரப்பியது, இதே மடத்தில் இருந்த குரோசார் என்ற துறவி 1821-இல் எழுதிய ஒரு கடிதம். வழிகாட்டி இதைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் மேல் மரியாதை கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது.

மடம் பெரின்யோனுக்கும் ஆயிரம் வருடம் மூத்தது, 650 வாக்கில் ரேம்ஸ் பேராயர் நிவார் தொடங்கியது. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே எழுதப்பட்ட எபோ நற்செய்திச் சுவடியில் நற்செய்தியாளர்களின் உடைமடிப்புகள் காற்றில் அலைகிற மாதிரி வரைந்திருப்பார்கள், இப்போது அது எபர்னே நூலகத்தின் சொத்து. பிரெஞ்சுப் புரட்சியோடு துறவிகள் போய்விட்டார்கள். எஞ்சிய மடத்துக் கட்டடங்கள் மோயே எ ஷாந்தோன் என்ற ஷாம்பெயின் நிறுவனத்துடையவை, நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. தேவாலயம் ஊர்ப் பொதுக் கோயில் என்பதால் பார்க்கலாம்.

ஊரும் அழகு. வீட்டு வாசல்களில் தொங்கும் இரும்புப் பலகைகளில் அந்தந்த வீட்டுக்காரர் தொழிலையே உருவமாகச் செய்து வைத்திருக்கிறார்கள், ரொட்டி சுடுகிறவர், பீப்பாய் செய்கிறவர் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

பாரீஸ் கார் த லெஸ்ட் நிலையத்திலிருந்து எபர்னேக்கு ரயில் இருக்கிறது, ஒன்றே கால் மணி நேரம் போல ஆகும். அங்கிருந்து டாக்ஸி பிடியுங்கள், கடைசியில் நல்ல ஏற்றம். காலையில் போனால் முதலில் தேவாலயம், அப்புறம் தெருக்கள், ஒயின் ருசிப்பதை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.